ஒரே அளவு நீதியாகுமா?

ஓட்டப்பிடாரம் வட்டத்துப் புதியம்புத்தூருக்குள் நுழைவோர் செவியில் முதலில் விழுவது தையல் இயந்திரங்களின் ஓசையே. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் நிலம். மழை பொய்த்த ஆண்டில் பருத்தியும் பொய்க்கும், உளுந்தும் பொய்க்கும். ஆயத்த ஆடைத் தொழில் ஒன்றே அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றைக் கைவிடாமல் காத்து வருகிறது. அங்கே ஒரு கூடத்தில், துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடிட்டு, ஒரே வெட்டில் பல டஜன் சட்டைகளுக்குரிய துண்டுகளை எடுத்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் விளையாட்டாக ஒரு வினாவைத் தொடுத்தோம். ‘இந்தச் சட்டையைப் போடப் போகிற பிள்ளையை நீங்கள் பார்த்ததுண்டா?’

அவர் நிமிராமலே சொன்னார்: ‘நா எங்க பாய் பாத்தேன்? ஆனா ஆயிரம் பிள்ளைய அளந்த பொறவுதான இந்த அட்டையே வந்துச்சு.’

அவர் அறியாமலே நமக்கு ஒரு கட்டுரைக்குப் பொருள் தந்துவிட்டார். நாம் உண்ணும் மருந்தும் ஆயத்த ஆடை போன்றதன்றோ? காய்ச்சலுக்கென்று மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை நமது உடலை அளந்து செய்யப்பட்டதன்று. எங்கோ, எவரையோ அளந்து, அந்த அளவின்மேல் ‘ஒரு வேளைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று ஒருவர் எழுதிவைத்தார். அந்த அட்டையின்படியே உலகமெங்கும் வெட்டுகிறார்கள். சட்டை பொருந்தாவிட்டால் தோள்பட்டை இறுக்கும், அவ்வளவே. மருந்து பொருந்தாவிட்டால்? குறைந்தால் நோய் மிஞ்சும்; கூடினால் ஈரல் கெடும். அப்படியிருக்க, பலரை அளந்து கண்ட அளவை ஒருவருக்குக் கொடுப்பது நீதிதானா? எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுப்பதுதான் சமத்துவம் என்று சொல்லிவிட்டால் வினா தீர்ந்துவிடுமா?

இவ்வினா நமது மரபுக்குப் புதியதன்று. வயிற்றுப்போக்கால் துன்புற்ற ஒருவருக்குத் தேன் கொடுக்குமாறு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியதும், கொடுத்தும் குணமில்லை என்று அவருடைய சகோதரர் திரும்பத் திரும்ப வந்து முறையிட்டதும், மீண்டும் கொடுக்குமாறு பெருமானார் பணித்ததும், முடிவில் அவர் நலம் பெற்றதும் புகாரி ஷரீபில் பதிவான செய்தி. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் (1292-1350) நாம் எளிதில் காணாத ஒரு நுட்பத்தைக் காண்கிறார். முதலில் கொடுத்த தேன் நோயின் அளவை எட்டவில்லை. மீண்டும் மீண்டும் கொடுத்தபோதுதான் எட்டியது. மருந்து நோயின் அளவை மிஞ்சினால் வேறொரு நோயை உண்டாக்கும். குறைந்தால் நோயை எதிர்த்து நிற்காது. ஆகவே மருந்து இன்னதென்று அறிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு என்பதை அறிவதும் மருத்துவத்தின் பெரும் விதிகளுள் ஒன்று என்கிறது அவரது விளக்கம். நம் வீடுகளில் தேனின் சிறப்பைப் பேசும்போது இந்த இரண்டாம் பகுதியை ஏனோ விட்டுவிடுகிறோம்.

அவருக்கும் முன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டில், அல்கிந்தீ மருந்துகளின் வீரியத்தைக் கணக்கால் அளக்க முனைந்தார். கூட்டு மருந்தொன்றில் வெம்மைக்கும் தண்மைக்குமுள்ள விகிதம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வீரியம் ஒரு படி ஏறும் என்பது அவரது கொள்கை. அக்கணக்கை இப்னு ருஷ்து பின்னாளில் கடுமையாக மறுத்தார். கணக்குப் பிழையோ சரியோ, மருந்தைக் கணக்கிட வேண்டும் என்ற எண்ணம் அத்தனை பழமையானது. இப்னு சீனாவோ (980-1037) தமது ‘கானூன்’ நூலில் மருந்தைச் சோதிக்கும் விதிகளை வகுத்தபோது, சோதனை மனித உடலிலேயே நடைபெற வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்குச் சான்றாகாது என்று வற்புறுத்தினார். சரி, எந்த மனிதனுடைய உடல்? அவ்வினாவை அவர் காலம் கேட்கவில்லை. அதைக் கேட்க நேர்ந்தது நமது சென்னைப் பட்டணத்தில்.

1956ஆம் ஆண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்றே பொருள். நல்ல காற்று, நீண்ட ஓய்வு, ஊட்டமான உணவு. இவையின்றிக் குணமில்லை என்று உலகம் நம்பியது. அத்தனை படுக்கைகளுக்கு ஏழை நாடு எங்கே போகும்? வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் 193 நோயாளிகளைக் கொண்டு அம்மையம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் மருந்துண்டனர்; மறு பிரிவினர் நெரிசல் மிகுந்த தத்தம் வீடுகளிலேயே, கிடைத்த உணவை உண்டு, அதே மருந்தை ஓராண்டு உண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர். உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. பின்னர் மேல்நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னையின் அந்த எளிய மக்கள் காட்டிய வழியும் ஒரு காரணம்.

இதுவரை பலரும் அறிந்த கதை. நாம் சொல்லவந்தது அதன் அடுத்த அதிகாரம். அம்மருந்துகளில் தலையாயது ஐசோனியசிட். 1912இலேயே வேதியியலார் இருவர் உண்டாக்கிப் பயனறியாமல் விட்டிருந்த பொருள். 1952இல்தான் காசநோய்க் கிருமியைக் கொல்லும் அதன் ஆற்றல் வெளிப்பட்டது. வாயில் போட்ட மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் ஈரல் அதை மாற்றிச் செயலிழக்கச் செய்ய, சிறுநீர் வெளியேற்ற, அளவு இறங்குகிறது. ஊருணியில் நீர் ஏறி இறங்குவது போன்ற இந்த ஏற்ற இறக்கத்திற்குள்ளேதான் மருந்து தன் வேலையை முடித்தாக வேண்டும்.

எல்லார் உடலிலும் இது ஒரே வேகத்தில் நிகழவில்லை. சிலருக்கு இரத்தத்திலுள்ள ஐசோனியசிட் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரமே போதும். வேறு சிலருக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேலும் ஆகும். இவ்வேற்றுமை உயரம்போல் சிறிது சிறிதாகப் பரவி நிற்பதன்று. மக்கள் இரு கூட்டமாகவே பிரிந்து நிற்கிறார்கள்: விரைவில் அழிப்போர், மெல்ல அழிப்போர். இது பிறப்பிலேயே வருவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரே மெல்ல அழிப்பவராவார் என்பதை 1960இல் பிரைஸ் எவன்ஸும் அவருடைய தோழர்களும் குடும்பங்களை ஆராய்ந்து நிறுவினர். சென்னை மையம் நம் மக்களை அளந்து பார்த்ததில் 100 பேருக்கு ஏறத்தாழ 60 பேர் மெல்ல அழிப்போர் என்று தெரிந்தது. ஜப்பானியரிடையே அத்தகையோர் 10 பேரளவே. எகிப்தியரிடையே 80 பேருக்கும் மேல். மனிதர் அனைவரும் ஒரே தாய் தந்தையரின் மக்கள். ஆயினும் ஈரலின் இயல்பில் இறைவன் இத்தனை வேற்றுமையை வைத்திருக்கிறான்.

இதனால் என்ன என்று கேட்கலாம். இரண்டு விளைவுகள். மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தபோது மெல்ல அழிப்போரிடமே பெரும்பாலும் கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றின. அவர்கள் உடலில் மருந்து தங்கிவிட்டது. இதற்கு நேர்மாறான தீங்கு மற்றொரு சோதனையில் வெளிப்பட்டது. மருந்தை வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் மேற்பார்வைக்கு எளிது, நோயாளிக்கும் அலைச்சல் இல்லை என்று கருதி அம்முறையை ஆராய்ந்தனர். மெல்ல அழிப்போர் தேறினர். விரைவில் அழிப்போரோ பின்தங்கினர். அவர்கள் உடல் மருந்தை விரைவாக விரட்டிவிட்டு வாரத்தின் எஞ்சிய நாட்களைக் கிருமிக்கு விட்டுக்கொடுத்தது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரு கூட்டத்தையும் கலந்து சராசரி எடுத்திருந்தால் அந்த வாரமொரு முறைத் திட்டம் ‘ஓரளவு நன்று’ என்றே தோன்றியிருக்கும். சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் 100இல் 40 பேரின் துன்பத்தை அது தன் முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளும். நூறு பேரில் அறுபது பேர் பிழைத்தால் போதும் என்று கருதுகிற நிர்வாகம் உலகில் இல்லாமல் இல்லை. ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் முழுவதையும் காத்தவரைப் போன்றவர் என்று கற்ற சமுதாயத்தினர் நாம். அந்த நாற்பதில் ஒருவர் நம் வாப்பாவாக இருப்பின்?

அப்படியானால் ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருந்து செய்வதுதானே நீதி? கேட்பதற்கு இனிமையான சொல். மாமன்னர்களுக்கு அது நடந்திருக்கும். இலட்சக் கணக்கில் நோயாளிகள் உள்ள நாட்டில் ஒவ்வொருவர் இரத்தத்தையும் பலமுறை எடுத்துச் சோதித்த பின்பே மருந்து என்றால், வரிசையின் முன்னால் நிற்கும் சிலருக்குப் பொருத்தமான மருந்தும் பின்னால் நிற்கும் பலருக்கு வெறுங்கையும்தான் கிடைக்கும். சென்னையார் செய்தது வேறு. கைகால் எரிச்சலைத் தடுக்கப் பைரிடாக்சின் என்னும் வைட்டமினைச் சிறிதளவு கொடுத்தாலே போதும் என்று கண்டனர். விலை மிகக் குறைவு. தேவையற்றவருக்குத் தீங்கும் இல்லை. எனவே எவர் மெல்ல அழிப்பவர் என்று தேடி அலையாமல் மருந்தோடு அதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். அனுபவமுள்ள தையற்காரர் வளரும் பிள்ளையின் சட்டையில் உள்மடிப்பாகச் சிறிது துணி விட்டுத் தைக்கிறாரே, அது போல. தனி மனிதனை அறியாமலே தனி மனிதனுக்கு நீதி செய்யும் வழியும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

எல்லா மருந்துக்கும் இத்தகைய மலிவான மாற்று வாய்ப்பதில்லை. அங்கேதான் கணக்கு துணைக்கு வருகிறது. முற்காலத்து முறை இது: உடல் நலமுள்ள இளைஞர் பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, மருந்தைக் கொடுத்து, ஒரே நாளில் பலமுறை இரத்தம் எடுத்து, அளவு ஏறி இறங்கும் வளைகோட்டை ஒவ்வொருவருக்கும் வரைவார்கள். கணக்கு துல்லியமாகவே இருக்கும். ஆனால் மருந்தை உண்ணப் போகிறவர்கள் அவர்களா? எலும்பும் தோலுமான நோயாளி, சிறுநீரகம் தளர்ந்த முதியவர், பாலூட்டும் தாய், மூன்று வயதுக் குழந்தை; இவர்களிடம் ஒரு நாளில் பத்து முறை ஊசி குத்துவது கொடுமை. கொடுமை என்று விலக்கினார்கள். விலக்கியதன் விளைவு, அவர்களுக்குரிய அளவே எங்கும் எழுதப்படாமல் போயிற்று. இரக்கத்தின் பெயரால் நேர்ந்த புறக்கணிப்பு இது. பெண்களையும் குழந்தைகளையும் காப்பதாகச் சொல்லிக்கொண்டே கணக்கிலிருந்து விட்டுவிடுவது மருத்துவத்தில் மட்டும் நிகழும் செயலன்று என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஷைனர் என்ற மருத்துவரும் ஸ்டூவர்ட் பீல் என்ற புள்ளியியலாளரும் 1970களில் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒருவரிடமிருந்து பத்து முறை வேண்டாம்; நூற்றுக்கணக்கான நோயாளிகளிடமிருந்து, அவர்கள் வழக்கம்போல் மருத்துவமனைக்கு வரும்போது, இரண்டு அல்லது மூன்று முறை மட்டும் எடுங்கள். ஒருவருக்கு மருந்துண்ட முதல் மணி நேரத்தில், இன்னொருவருக்கு ஐந்தாம் மணியில், மற்றொருவருக்கு மறுநாட் காலையில். எந்த ஒருவரின் வளைகோட்டையும் இதனால் தனியே வரைய இயலாது. ஆனால் எல்லாருடையதையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டால் கூட்டம் முழுவதன் கோடும் தெரியும்; அதிலிருந்து ஒவ்வொருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதும் தெரியும். நோன்புக் கஞ்சிக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுப்பதைப் போன்றது இது. எந்த வீட்டு அரிசியும் தனியே ஊருக்குப் போதாது, அண்டா மட்டும் நிறைந்துவிடுகிறது.

இக்கணக்கு மூன்று அளவுகளைத் தேடுகிறது. நடுத்தரமான ஓர் உடல் மருந்தை எவ்வளவு விரைவில் கழிக்கும் என்பது முதலாவது. மனிதருக்கு மனிதர் எவ்வளவு வேறுபடுவர், அவ்வேறுபாட்டில் எடையால் எவ்வளவு, வயதால் எவ்வளவு, சிறுநீரகத்தால் எவ்வளவு என்பது இரண்டாவது. எவ்வளவு முயன்றும் காரணம் காட்ட முடியாமல் எஞ்சுவது மூன்றாவது. இந்த மூன்றாவதை நாம் மிகவும் மதிக்கிறோம். நோயாளி மருந்துண்ட நேரத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம், சோதனைச் சாலையில் பிழை நேர்ந்திருக்கலாம், நமது கொள்கையே சற்றுக் கோணலாயிருக்கலாம். அதையெல்லாம் மூடி மறைக்காமல், ‘எமக்கு விளங்காதது இவ்வளவு’ என்று ஓர் எண்ணாகவே எழுதிவைக்கிறது இக்கணக்கு. விடையின் இறுதியில் ‘வல்லாஹு அஃலம்’ என்று எழுதி முடிக்கும் நம் உலமாக்களின் வழக்கம் நினைவுக்கு வருகிறது. கணித நூலார் அந்தப் பணிவுக்கு ஓர் அளவும் குறித்துவிட்டார்கள்.

நடுத்தர உடல் என்றோமே, அப்படி ஒருவர் உலகில் எங்கேனும் இருக்கிறாரா? இல்லை. இருந்தும் அவரை வைத்தே நாம் அளக்கிறோம். இதில் குறை காண்போர் நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும். ஃபித்ராவின் அளவு ஒரு ஸாஉ. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. ஒரு முத்து என்பது யாது? நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கை கொள்ளும் அளவு. பெரிய கையுமன்று, சிறிய கையுமன்று. இமாம்கள் எவருடைய கை என்று பெயர் குறிக்கவில்லை. அனைவருக்கும் பொதுவான கையொன்றைச் சிந்தையில் வைத்தார்கள். பெண்களின் மாதாந்தர நாட்களுக்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எல்லை வகுத்தபோது, குறைந்தது இத்தனை, வழக்கமாக இத்தனை, கூடினால் இத்தனை என்று மூன்றாகக் கூறியதும், பலரை விசாரித்துக் கண்ட ‘இஸ்திக்ராஉ’ என்னும் வழியால்தான். நடுவை மட்டும் கூறி நிறுத்திவிடாமல் இரு ஓரங்களையும் கூறியதில் அவருடைய நீதி விளங்குகிறது. ஓரத்தில் நிற்பவளும் சட்டத்துக்குள்ளேயே நிற்கிறாள்.

ஆனால் ஒரு வேற்றுமையையும் கவனிக்க வேண்டும். ஃபித்ரா தொட்டிற் குழந்தைக்கும் தொண்டு கிழவருக்கும் தலைக்கு ஒரே அளவு. கொடுப்பதில் அந்தச் சமம் அழகு. மருந்தில் அதே சமம் அநீதி. அதனால்தான் எடையைப் பார்க்கிறார்கள். நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தில் தொடக்க மாதங்களில் தரப்படும் கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் அடங்கியுள்ளன. 2021ஆம் ஆண்டின் வழிகாட்டுதலின்படி 35 முதல் 49 கிலோ எடையுள்ளோர் நாளொன்றுக்கு மூன்று மாத்திரையும், 50 முதல் 64 கிலோ வரை நான்கும் உண்ண வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 49 கிலோக்காரருக்கு ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 9 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். ஒரே கிலோ கூடிய 50 கிலோக்காரருக்கு 12 கிடைக்கும். இதுவும் 36, 38, 40 என்று எண்ணிட்ட ஆயத்தச் சட்டைதான். எண்களுக்கு இடையில் விழுபவர்கள் இருக்கவே செய்வர். அந்த இடைவெளி எவருக்கும் ஆபத்தாகாதவாறு எண்களை எங்கே வைப்பது என்பதைத்தான் முன்சொன்ன கணக்கைக் கொண்டு, ஆயிரக்கணக்கான கற்பனை நோயாளிகளைக் கணிப்பொறிக்குள் உலவவிட்டுப் பார்க்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இக்கணக்கின் பயன் கண்கூடு. நெடுங்காலம் குழந்தையைச் சிறிய மனிதன் என்றே மருத்துவ உலகம் கருதியது. பெரியவருக்குக் கிலோவுக்கு எவ்வளவோ அதுவே குழந்தைக்கும். புதியம்புத்தூரில் எவரும் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார். பெரியவர் சட்டையின் அட்டையைச் சுருக்கிவிட்டால் குழந்தைச் சட்டை ஆகிவிடுமா? தலையின் அளவு வேறு, கையின் நீளம் வேறு. இளங்குழந்தையின் ஈரல் தன் எடைக்கு மிஞ்சிய வேகத்தில் மருந்தைக் கழிக்கிறது. ஆகவே பெரியவரின் விகிதம் குழந்தைக்குப் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் குழந்தைகளுக்கான ஐசோனியசிட்டைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10ஆகவும், ரிஃபாம்பிசினை 10இலிருந்து 15ஆகவும் உயர்த்தியது. 1952க்கும் 2010க்கும் இடையே எத்தனை ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் குறையளவு மருந்துண்ட பிள்ளைகளுக்கு எவரிடம் போய்ப் பதில் கேட்பது?

நம் நாட்டிலும் 1997 முதல் வாரம் மூன்று நாள் மருந்து என்பதே அரசின் முறையாக இருந்தது. 2017இல்தான் நாள்தோறும் மருந்து என்று நாடு முழுவதும் மாறியது. குறை கூற வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அட்டையும் திருத்தத்துக்கு உட்பட்டதே. இன்று எழுதிய அளவை இறுதியானது என்று எவரும் முத்திரையிட வேண்டியதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வின் அறிவு பற்றிய பகுதியில், சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டிய, எவரும் கற்காவிடில் அனைவரும் குற்றவாளியாகும் கலைகளைக் கூறுகையில், மருத்துவத்தையும் கணிதத்தையும் அடுத்தடுத்தே குறிப்பிடுகிறார்கள். பர்ளு கிஃபாயாவான இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்த இக்கலையை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்? மருத்துவர் ஆக வேண்டும், இல்லையேல் பொறியாளர் ஆக வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கும் பெற்றோர், புள்ளியியல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். போகட்டும்; அது வேறு கட்டுரைக்கான பொருள்.

மறுபடியும் அந்த 193 பேரை நினைக்கிறோம். எந்த நூலிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களும், அவர்களுக்குப் பின் சென்னை மையத்துக்குத் தம் இரத்தத்தைக் கொடுத்தவர்களும் பிணி தீர வேண்டும் என்று வந்தவர்களே. உலகுக்கு அளவுகோல் ஆவதற்கு வந்தவர்களல்லர். இன்று ஏதோ ஒரு நாட்டில் ஒரு நோயாளி சானடோரியத்துக்குப் போகாமல் தன் பிள்ளைகளோடு இருந்து மருந்துண்கிறான் என்றால், அவன் உண்பதில் அவர்கள் பங்கும் இருக்கிறது. கிணறு வெட்டியவனுக்கு நீர் பருகுவோரால் நன்மை சேர்வதுபோல் இவர்களுக்கும் சேரும் என்று நம்புகிறோம். ஆனால் நன்மையை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டால் நம் கடன் தீர்ந்ததா? பலரின் இரத்தத்தால் கண்ட அளவு ஓர் அமானத். அந்த அளவு உரியவர் கைக்குச் சிதையாமல் போய்ச் சேர வேண்டும். அதைச் சிதைப்பவர்கள் பெரும்பாலும் நாமே.

சில குடும்பங்களில் இருமலை மறைக்கிறார்கள், மகளின் நிக்காஹ் தடைப்படுமே என்று. இரண்டு மாதத்தில் உடல் தேறியதும் ஆறு மாத மருந்தை நிறுத்துகிறார்கள். ரமளானில் நோன்பை விட மனமின்றிச் சஹரில் வயிறு நிறைய உண்டபின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மருத்துவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையைத் திருமறையே (2:184, 185) வழங்கியிருக்கிறது. நிறைந்த வயிற்றில் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் சரிவர ஏறுவதில்லை. எத்தனை பேரை அளந்து என்ன பயன், உண்ட நேரத்தை மறைத்தால்? மருத்துவரிடம் ஒளிக்காமல் கேட்டால், நோன்பு வைக்கலாமா, வைக்கலாமெனில் மருந்தை எப்போது உண்பது என்று அவர் சொல்லுவார்.

சிதைவு மறுபுறத்திலும் நேர்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நெருங்கிய குடும்பத்து மாமி ஒருவருக்குக் காசநோய் கண்டது. ஊரின் பெயரும் மருந்து கொடுத்த இடத்தின் பெயரும் வேண்டாம். அன்று அங்கே எடை பார்க்கும் கருவி பழுதாயிருந்ததாம். ‘எடை எவ்வளவு?’ என்று கேட்டார்கள். மாமி பல ஆண்டுக்கு முன் எப்போதோ பார்த்த 52ஐச் சொன்னார். அட்டையில் 52 ஏறியது. நாளுக்கு நான்கு மாத்திரை என்றாயிற்று. இரண்டாம் வாரத்தில் குமட்டல், உணவில் வெறுப்பு, ஓயாத வாந்தி. ‘இந்த மருந்து நம்ம உடம்புக்குச் சேராதும்மா, விட்டுடுங்க’ என்று உறவினர் ஒருவர் சொல்ல, மாமியும் விட்டுவிட ஆயத்தமானார். விட்டிருந்தால் நோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பியிருக்கக் கூடும்.

அவர் மகன் அரிசி மண்டியில் வேலை செய்கிறவர். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கும் ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயத்தின் பெயரைப் பச்சை மையில் எழுதித் தராசுக்கு மேலே மாட்டியிருந்த மண்டி அது. உம்மாவை ஒரு மாலையில் அங்கே அழைத்துச் சென்று, மூட்டை நிறுக்கும் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னார். 38 கிலோ. மாமி நம்பவில்லை, இறங்கி மீண்டும் ஏறி நின்றார். அதே 38. மகன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார். மறுநாட் காலை அந்தத் தாளோடு போய்க் காட்டியதும், அங்கிருந்த செவிலி பதறிப்போய் மருத்துவரை அழைத்தார்; ஈரலைச் சோதிக்க இரத்தம் எடுத்தார்கள், சில நாள் மருந்தை நிறுத்திவைத்தார்கள், பின்பு மூன்று மாத்திரையாக மீண்டும் தொடங்கினார்கள். அட்டையில் 52ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 38 என்று எழுதினார்கள். பழுதான கருவிக்கு மாற்றாகப் புதியதொன்று அங்கே வந்துசேர மேலும் நான்கு மாதமாயிற்று என்று கேள்வி. அதுவரை வந்தவர்களிடம் என்ன கேட்டு எழுதினார்களோ.